தேவாலயமும் சிற்றுருவங்களும்: பல்தேயஸ் நூலின் யாழ்ப்பாணப் படங்கள் குறித்து

சுன்னாகத்துக்குத் தெற்கே உடுவில். வடக்கே மல்லாகம், அதற்கப்பால் தெல்லிப்பழை. இவ்வூர்களின் பதினேழாம் நூற்றாண்டுத் தோற்றத்தை அறிய விழைவோர், 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த பிலிப்பஸ் பல்தேயஸ் பாதிரியாரின் நூலிலுள்ள செப்புத்தகட்டுப் படங்களை நாடுவது வழக்கம். நடுவே தேவாலயம், அருகே இல்லம், சூழ மரங்கள், முன்றிலிற் சிறு மனித உருவங்கள் என்பதே அப்படங்களின் பொதுவமைப்பு. அவ்வுருவங்களை அக்காலத் தமிழ் மக்களின் நேர்ச்சாட்சியமாகக் கொண்டு, அவற்றிலிருந்து உடையையும் நடையையும் வருவிப்பது பொருந்துமா என்பதே இங்கு எமது வினா.

ஐரோப்பியக் கலை வரலாற்றாசிரியர் பரோக் எனக் குறிக்கும் அக்காலத்தில், ஒல்லாந்தில் நிலக்காட்சி ஓவியம் தனித்துறையாக வளர்ந்திருந்தது. வான் கோயன் முதலியோர் வரைந்த தாழ்ந்த அடிவானத்தின் கீழ் மீனவரும் வழிப்போக்கரும் விரலளவிற் காணப்படுவர். அவர்கள் தனியாட்களல்லர். மரத்தின் உயரத்தையும் வெளியின் ஆழத்தையும் கண் அளப்பதற்கு உதவும் அளவுகோல்கள். ருய்ஸ்டால் வரைந்த காட்சிகள் சிலவற்றில் மனித உருவங்களைச் சேர்த்தவர் வேறோர் ஓவியரே. நிலம் ஒருவர் கையிலும் மனிதர் இன்னொருவர் கையிலும் உருவாகும் இவ்வழக்கு அன்று எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

பல்தேயஸ் 1658இல், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான ஆண்டில், இங்கு வந்து சில ஆண்டுகள் பணியாற்றியவர். அவர் நூலின் படங்களோ ஒல்லாந்தின் செதுக்குப் பட்டறையில் உருப்பெற்றவை. கட்டடத்தின் உருவை ஓர் மூலவரைவு தந்திருக்கலாம். முன்றிலில் நடமாடும் ஆட்களைப் பட்டறையின் பழக்கமே பெரிதும் தந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. செப்புத்தகட்டில் நேராகச் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறிப் பதியும். செதுக்குபவர் மூலத்தை முன்கூட்டியே திருப்பி அமைத்தாலன்றி, இல்லம் தேவாலயத்தின் எப்புறம் நின்றது என்பதைக்கூடப் படத்தைக்கொண்டு மட்டும் துணிய இயலாது. நூலின் வாசகமும் ஒரு கையின் ஆக்கமன்று: இந்து சமயம் பற்றிய பகுதி இயேசு சபைத் துறவி பெனிசியோவின் கையெழுத்துப் படியிலிருந்து பெரிதும் எடுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் காட்டிய உண்மை.

எனவே இவ்வுருவங்கள் பயனற்றவையா? அல்ல, அவை விடையளிக்கும் வினா வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊர்த் தேவாலயம் பாடசாலையுமாகும். பிள்ளைகளை அனுப்பத் தவறிய பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதிவாயின. குடிகளின் உழைப்பை ஊழியம் என்னும் முறை கட்டாயமாகப் பெற்றது. படத்தில் இவற்றில் எதுவுமில்லை. சுண்ணாம்பு சுட்டவர், கல் சுமந்தவர், தண்டம் இறுத்தவர் அனைவரும் ஓய்வாக உலாவும் பொம்மைகளாகச் சுருங்கிவிட்டனர். கட்டடம் பெரிதாகத் தோன்ற மனிதர் சிறிதாக வேண்டும் என்பது ஓவிய விதி. அது குடியேற்ற ஆட்சியின் விதியோடு இத்துணை இசைந்து நிற்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. வாங்கும் வாசகன் அம்ஸ்ரர்டாமில் இருந்தான். ஒழுங்குற்ற, அமைதியான நாட்டையே அவன் காண விரும்பினான்.

உடையையும் நடையையும் அறிவதற்குத் தோம்புகளும், வழக்கேடுகளும், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையும் நம்பத்தக்க வாயில்கள். அங்கே மனிதர் பெயருடனும் காணியுடனும், சாதியும் அடிமைநிலையும் மறைக்கப்படாமலும் வருகின்றனர். கட்டடத்தைப் பொறுத்தமட்டில் படத்தை நிலத்தோடு ஒப்பிடும் வாய்ப்பு ஓரளவு உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்தபோது ஒல்லாந்தர் தேவாலயம் பாழடைந்து கிடந்தது. அதையே அவர்கள் செப்பனிட்டுப் பயன்படுத்தினர். அத்திருத்த வேலைகளைப் பற்றிய மிஷன் குறிப்புகளைப் படத்தின் பக்கத்தில் வைத்துச் சுவரின் நீள அகலங்களை ஒப்புநோக்குவதே அடுத்துச் செய்யவேண்டிய பணி.