உங்களுக்குத் தெரியுமா? முசுறுகளில் முதலில் சண்டைக்குப் போவது மூத்தவையே

புத்தலப்பட்டு வட்டாரத்து மாந்தோப்புகளில் கிளையைத் தொட்டதும் சுருக்கென்று கடிக்கும் செந்நிற முசுறு, கூட்டத்தின் எல்லையைக் காக்க வயது முதிர்ந்த வேலைக்காரப் பெண் எறும்புகளையே முன்னால் நிறுத்துகிறது.

• எல்லையோர மரங்களில் மூத்தவை தங்கத் தனிக் கூடுகளே உண்டு. அயல் கூட்டத்து எறும்பு நுழைந்தால் முதலில் மோதுபவை இவைதான். இளையவை உள்ளே குஞ்சுகளைப் பராமரிக்கும்.

• இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் பட்டிழை, முசுறின் இளம்புழுக்கள் தருவது. வேலைக்கார எறும்பு ஒரு புழுவை வாயில் கவ்வி, தறியின் நாடாபோல் இப்படியும் அப்படியும் ஓட்டும். பல எறும்பினங்களின் புழுக்கள் அந்த இழையால் தமக்கு உறை பின்னிக்கொள்ளும். முசுறுப் புழுவோ இழையைக் கூட்டுக்கே கொடுத்துவிட்டு உறையில்லாமல் வளர்கிறது. எத்தனை பெரிய கொடை!

• தமக்கென மகள்கள் இல்லாத வேலைக்கார எறும்புகளிடம் இப்படித் தம்மையே கொடுக்கும் குணம் எப்படி நிலைத்தது? இயற்கைத் தேர்வு குடும்பத்தின் மீதும் செயல்படும் என்றார் டார்வின் (1859). இரத்த உறவின் அளவைக் கணக்கிட்டு விளக்கினார் உயிரியலாளர் ஹாமில்டன் (1964). அந்தக் கணக்கே தேவையில்லை என 2010-இல் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனும் வேறு இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுத, மறு ஆண்டே 130-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கூட்டாக மறுத்தனர்.