மூளைக்கட்டிக்கு இம்யூனோதெரபி: காட்டை விற்கும் முன் ஒரு டெஸ்ட்

போன மாசம் பெரம்பலூரிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். அரியலூர் பக்கம் கட்டிக் கொடுத்த அவருடைய அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்து, ஸ்கேனில் கட்டி தெரிந்து, ஆபரேஷனும் முடிந்துவிட்டது. பயாப்ஸியில் கிளையோபிளாஸ்டோமா என்று வந்திருக்கிறது. "யூடியூப்ல இம்யூனோதெரபின்னு பார்த்தோம். மக்காச்சோளக் காட்டை வித்துடலாமான்னு மாமா கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள் ஊர்க்காவல் மாதிரி. அந்நியமாக எதைக் கண்டாலும் தாக்கும். அவை எல்லை மீறாமல் இருக்க உடம்பே ஒரு பிரேக் வைத்திருக்கிறது. புற்றுநோய் செல்கள் அந்த பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பிக்கின்றன. பிரேக்கை விடுவிக்கும் மருந்துதான் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்றவை. இதற்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மூளையில் நான்கு இடத்தில் புற்று இருந்தது. பெம்ப்ரோலிசுமாப், கதிர்வீச்சுக்குப் பிறகு சில மாதங்களில் அது மறைந்தது. நூறு வயது வரை இருந்தார். யூடியூப்காரர்கள் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனால் அவருக்கு இருந்தது தோலில் வரும் மெலனோமா, மூளைக்குப் பரவியது. மூளையிலேயே பிறக்கும் கிளையோபிளாஸ்டோமா வேறு சாதி. திரும்ப வந்த கிளையோபிளாஸ்டோமா உள்ள 369 பேரிடம் நிவோலுமாபைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மருந்து பெற்றவர்களின் சராசரி ஆயுள் 9.8 மாதம். ஒப்பீட்டுக்காகப் பழைய மருந்து பெற்றவர்களுக்கு 10 மாதம். பலன் இல்லை.

ஏன்? காவலுக்கு அடையாளம் வேண்டும். செல்லின் டிஎன்ஏவில் பிழைகள் கூடக் கூட அதன் மேற்பரப்பில் அந்நியமான புரதத் துண்டுகள் தெரியும். கிளையோபிளாஸ்டோமாவில் அந்தப் பிழைகள் குறைவு. குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் இன்னும் குறைவு. போதாததற்கு, மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு டி செல்களை அடக்கி வைக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் "விக்காதீங்க" என்று சொல்லி போனை வைத்திருப்பேன். ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது நம்ம ஊருக்கு நெருக்கமானது.

செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படி எடுக்கிறது. அதில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்த நான்கு முக்கியமான மரபணுக்கள் இருக்கின்றன: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. இதில் ஏதாவது ஒன்றின் பழுதான பிரதியை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரு குழந்தை பெற்றால், திருத்துவதற்கு ஆளே இல்லை. சிறு வயதிலேயே மூளையில், குடலில், ரத்தத்தில் புற்று வரலாம். அந்தக் கட்டிகளில் ஆயிரக்கணக்கான பிழைகள் குவிந்திருக்கும். அதாவது டி செல்களுக்கு நிறைய அடையாளம்.

டொரண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில் இப்படிப்பட்ட கிளையோபிளாஸ்டோமா திரும்ப வந்த உடன்பிறப்புகள் இருவருக்கு நிவோலுமாப் கொடுத்தார்கள். கட்டிகள் நன்றாகச் சுருங்கின. 2016-ல் இது வெளியானது. பிறகு இன்னும் பல குழந்தைகளிடம் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் இருந்தது. எல்லோருக்கும் அல்ல. ஆனால் பொதுவாக மாதக்கணக்கில் பேசும் நோயில் சில பிள்ளைகள் வருடக்கணக்கில் இருக்கிறார்கள்.

நண்பரிடம் கேட்டேன்: "அக்காவும் மாமாவும் சொந்தமா?" "ஆமா, மாமா எங்க அத்தை பையன்தான்."

ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில்தான் என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு. பெத்தவங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லல. அப்படிக் கட்டிக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவதில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி இது: "இந்தக் கட்டியில் மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்கள் நாலும் இருக்கான்னு பார்த்தாச்சா?" ஆபரேஷனில் எடுத்த திசு மெழுகு பிளாக்காக லேபில் இருக்கும். அதை அனுப்பினால் போதும், பையன் அலைய வேண்டாம். செலவு ஆயிரங்களில் முடியும், மருந்து லட்சங்களில். கட்டியோடு சேர்த்து, பக்கத்திலுள்ள சாதாரண செல்களிலும் புரதம் காணவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்தில் மரபணு டெஸ்ட் எடுத்து உறுதி செய்வார்கள். தோலில் பால்காபி நிறத்தில் தட்டையான மச்சங்கள் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்க.

இன்னொன்று: கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலமைடு, இந்தப் பழுது இருக்கும் கட்டியில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த மருந்து செல்லைக் கொல்வதற்கே திருத்தும் அமைப்பு வேண்டும். அதனால் மருந்தை முடிவு செய்யும் முன்பே இந்த டெஸ்ட் நல்லது. பழுது உறுதியானால் கூடப் பிறந்தவர்களையும் பார்க்கணும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தால் ஸ்கேன், குடல் பரிசோதனை என்று கண்காணித்து, கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம்.

நாலு புரதமும் இருக்குன்னு வந்தால்? அப்போது காட்டை விற்று இந்த மருந்தை வாங்குவதில் பெரிய அர்த்தமில்லை. கதிர்வீச்சையும் வழக்கமான சிகிச்சையையும் ஒழுங்காக முடிப்பதுதான் வழி.

பிளாக் வாங்கி லேபுக்கு அனுப்பியாச்சு என்று நேற்று நண்பர் சொன்னார். பையனுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஏழு வயது. ரிசல்ட் வரும்வரை காட்டுக்கு விலை பேச வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்.