மழலையுடன் திருமலைக்கு

விடுமுறைப் பயணத்தைப் பெரியோர் கூடித் தீர்மானிக்கின்றனர்; நடைபயிலும் குழந்தையின் கால்களை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். மார்கழி வாடையிலே கடல் கொந்தளிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை அமைதியாயிருக்கும். ஆனால், அம்மாதங்களிலேதான் கச்சான் காற்று நண்பகலை அனலாக்குகின்றது. ஆகவே, காலையும் மாலையுமே குழந்தைக்கு உகந்தவை.

2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குப் படகேற வேண்டும். கரையிலே பவளத் துண்டுகள் பிஞ்சுப் பாதங்களை உறுத்தும். பிள்ளை வளர்ந்தபின் அங்கே செல்லலாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒரே சூடுடையன அல்ல. தாய்மாரே, கைவைத்துப் பார்த்தபின் வாருங்கள்.

காலையிலே கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்கள், மாலையிலே உப்புவெளி மணல்: ஒரு நாளைக்கு இவை போதும். அலையோரத்தில் மட்டும் பிடித்த கையை விடலாகாது.