சீகன்பால்குவின் நான்கு கிறிஸ்துமஸ்கள்: உயர்நிலை வகுப்புக்கு ஒரு பாடப்பொருள்



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம்ம கையில் பாடப்பொருள் குவிந்து கிடக்கு. கிறிஸ்துமஸ் வரும்போது பள்ளி விடுமுறை, அதனால் அப்படியே தாண்டிப் போயிடுறோம். குவீன்ஸ்டவுனில் காமன்வெல்த் டிரைவ் பக்கம் நடந்து பாருங்க: ஒரு லுத்தரன் தேவாலயம், கூடாரம் மாதிரி கூரையுள்ள ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். நம் தமிழ் வகுப்பிலும் கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்காங்க. நான்காம் தவணையில் ஒரு பாடவேளை அவர்களுக்கும் உரியதுதானே?

"சமயப் பாடமா ஆயிடாதா?" என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் சீகன்பால்குவைப் பரிந்துரைக்கிறேன். அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வகுப்பில் நாம் பேசப்போவது, ஊரை விட்டு வந்த ஓர் இளைஞர் நம் மொழியைக் கற்ற கதை.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அவரையும் நண்பர் புளுட்சாவையும் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். 1705 நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனில் கப்பல் ஏறியவர்கள் கரை இறங்கியது 1706 ஜூலை 9இல். அதாவது முதல் கிறிஸ்துமஸ் நடுக்கடலில்!

இரண்டாவது, தரங்கம்பாடியில். அங்கிருந்த ஐரோப்பியர் ஊராரோடு போர்த்துக்கீசியத்தில் பேசிச் சமாளித்தார்கள். இவரோ திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதினார். வளர்ந்த மனிதர் சின்னப் பிள்ளைகளோடு மணலைக் கிளறும் இந்தக் காட்சியை மெதுவாகச் சொல்லுங்க. தமிழ் எழுத வராதுன்னு கூச்சப்படும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவாங்க.

1707இல் திருமுழுக்குப் பெற்ற முதல் ஐவரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. ஆகவே மூன்றாவது கிறிஸ்துமஸுக்குச் சொந்தமாக ஓர் ஆலயமும் தமிழ் பேசும் சபையும் இருந்தன.

நான்காவதுதான் பாடத்தின் மையம். 1708இல் அவர் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த கொன்றை வேந்தனை, உலகநீதி, நீதிவெண்பாவோடு சேர்த்து ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஏழைக் கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் தலையிட்டதற்காக டேனிஷ் தளபதி ஹாசியுஸ் அவரைக் கைது செய்தார். நவம்பர் 19 முதல் மறு ஆண்டு மார்ச் 26 வரை, கடலோர டான்ஸ்போர்க் கோட்டையில் சிறை. தொடக்கத்தில் பேனாவும் மையும்கூடக் கிடையாது. கிறிஸ்துமஸும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே கழிந்தது. அப்போது அவருக்கு வயது 26. அடைத்தவர்களும் அதே பண்டிகையைக் கொண்டாடியவர்கள்தான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க.

விடுதலையானதும் விட்ட வேலையைத் தொடர்ந்தார். மொழிபெயர்ப்பு 1711இல் முடிந்தது, 1715க்குள் தரங்கம்பாடியிலேயே அச்சாகியது. 1719இல், 36 வயதில், அங்கேயே காலமானார்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கொசுறு: டேனிஷ்காரர் 1700இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் மாறியது 1752இல். எனவே தரங்கம்பாடியில் டிசம்பர் 25 என்றால் சென்னைக் கோட்டையில் டிசம்பர் 14தான்!

சொல்வளத்துக்கு இரண்டு சொற்கள் போதும். இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்பார்கள். 'நத்தால்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இன்னொன்று 'முன்னணை'. குழந்தை இயேசுவைக் கிடத்திய மாட்டுத் தொட்டிக்குப் பழைய விவிலியத்தில் உள்ள சொல். பிற்கால மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி'. எது பிடிச்சிருக்கு, ஏன் என்று கேட்டாலே பத்து நிமிடம் பேச்சு ஓடும். பேச்சுத் தமிழில் சொன்னாலும் தடுக்காதீங்க.

எழுத்துப் பணிக்கு: பிள்ளைகள் கோட்டைக்கு வெளியே இருக்கும் புளுட்சாவாக மாறி, சீகன்பால்குவின் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். கப்பல் போய்ச்சேர அரை வருடத்துக்கும் மேல் ஆகும். கடிதம் கிடைக்கும்போது பண்டிகை எப்போதோ முடிந்திருக்கும். 'நலமாக இருக்கிறார்' என்று எழுதலாமா, சிறையைப் பற்றிச் சொல்லலாமா? மின்னஞ்சல் எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதுச் சிக்கல். இங்கேதான் நல்ல வாக்கியங்கள் பிறக்கும்.

கடிதம் எழுதத் திணறுபவர்களுக்கு மாற்றுப் பணி உண்டு. சிங்கப்பூரில் எத்தனையோ வீடுகளில் பணிப்பெண்கள் கிறிஸ்துமஸை ஊரை விட்டுத் தள்ளியே கழிக்கிறாங்க. வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், அன்று ஊரில் என்ன சமைப்பீங்க, யாருக்கு முதலில் போன் போடுவீங்க என்று கேட்டு, கிடைத்த பதிலை ஐந்தாறு வரிகளில் தமிழில் எழுதிவரச் சொல்லுங்க. பெயர் எழுத வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லிடுங்க.