எட்டு லட்சம் கோடி டாலருக்கு என்ன கிடைத்தது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தி முடிக்க அல்-காய்தாவுக்கு ஆன செலவு 4 லட்சம் முதல் 5 லட்சம் டாலர். தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையம் 2004இல் தந்த மதிப்பீடு இது. பதிலடியாக அமெரிக்கா தொடங்கிய போர்களுக்கு அடுத்த 20 ஆண்டுகளில் ஆன செலவும், இனி கொடுத்தே தீரவேண்டிய தொகையும் சேர்ந்து 8 லட்சம் கோடி டாலர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் போரின் விலையை ஆராயும் குழு 2021இல் போட்ட கணக்கு இது. தாக்கியவர்கள் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் தாக்கப்பட்ட நாடு ஏறக்குறைய 1.6 கோடி டாலர் செலவழித்திருக்கிறது.

செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்டவர்கள் 2,977 பேர். அந்த உயிர்களுக்கு நியாயம் கேட்டது தவறே அல்ல. ஆனால் ராணுவத்தை அனுப்புவதுதான் ஒரே வழியா, பயங்கரவாதத்தின் வேர் எங்கே இருக்கிறது என்ற கேள்விகளை எழுப்பியவர்கள் அன்று கோழைகள் என்றும் எதிரிக்குப் பரிந்து பேசுகிறவர்கள் என்றும் ஏசப்பட்டார்கள். எந்த நாட்டில் குண்டு வெடித்தாலும் இதே வாதம் இதே சொற்களோடு திரும்ப வருகிறது. உணர்ச்சியால் நடத்தப்படும் இந்த வாதத்தில் விடுபட்டுப்போவது வரவு செலவு. இருபது ஆண்டுக் கணக்கு இப்போது முழுதாகக் கையில் இருக்கிறது. அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

420-க்கு 1

தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், செப்டம்பர் 14 அன்று, படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. செனட்டில் 98-0. பிரதிநிதிகள் சபையில் 420-1. எதிர்த்த அந்த ஒருவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ. முடிவு தெரியாத ஒரு போருக்குள் அவசரப்பட்டு இறங்க வேண்டாம் என்பதே அவர் வேண்டுகோள். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் பாதுகாப்பு தர வேண்டியிருந்தது.

அதிகாரம் வழங்கிய பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடிவுத் தேதி இல்லை, செலவுக்கு வரம்பும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது ரத்தாகவில்லை. 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த நடவடிக்கைகளுக்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

இராக் போருக்கு முன்பு செலவைச் சொன்னவர்களும் பட்டார்கள். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2002 செப்டம்பரில் சொன்னார். பட்ஜெட் துறைத் தலைவர் மிட்ச் டேனியல்ஸ் 5,000 கோடி முதல் 6,000 கோடி போதும் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் லிண்ட்சே பதவியிழந்தார். பல லட்சம் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று சொன்ன ராணுவத் தளபதி எரிக் ஷின்செகியை, பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் வெளிப்படையாக மறுத்தார். கடைசியில் லிண்ட்சேயின் கணக்கே பல மடங்கு குறைவாகிப்போனது.

பணக் கணக்கு

8 லட்சம் கோடி டாலர் போன வழி இது:

போர் நடவடிக்கைகளுக்கென்று பாதுகாப்புத் துறைக்குத் தனியாக ஒதுக்கியது: 2.1 லட்சம் கோடி
வெளியுறவுத் துறையின் போர்ச் செலவு: 18,900 கோடி
போர்க் கடனுக்கான வட்டி: 1.1 லட்சம் கோடி
போரையொட்டி ராணுவத்தின் வழக்கமான பட்ஜெட்டில் கூடியது: 88,400 கோடி
முன்னாள் படைவீரர்களுக்கு ஏற்கெனவே கொடுத்தது: 46,500 கோடி
உள்நாட்டுப் பாதுகாப்பு: 1.1 லட்சம் கோடி
2050 வரை முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்துக்கும் உதவித்தொகைக்கும் கொடுக்க வேண்டியது: 2.2 லட்சம் கோடி

இரண்டு வரிகளில் நின்று யோசிக்க வேண்டும். ஒன்று வட்டி. முந்தைய பெரும் போர்களுக்கு அமெரிக்கா வரியை உயர்த்தியது. இம்முறை 2001இலும் 2003இலும் வரியைக் குறைத்துவிட்டு, கடன் வாங்கிப் போர் செய்தது. போர் யாருடைய சம்பளத்தையும் அன்று தொடவில்லை என்பதால் அதன் விலையைப் பற்றிய கேள்வியும் எழவில்லை. இன்னொன்று கடைசி வரி. பட்டியலிலேயே பெரிய தொகை இதுதான். போர் முடிந்த பிறகே இதன் பெரும்பகுதி செலவாகப்போகிறது. இருபது வயதில் காலிழந்து திரும்பியவருக்கு நாற்பதிலும் அறுபதிலும் சிகிச்சை வேண்டும்.

ஆப்கானிஸ்தான் போருக்கு மட்டும் 2.3 லட்சம் கோடி டாலர். 2001 அக்டோபர் 7 முதல் 2021 ஆகஸ்ட் 30 வரை, நாளொன்றுக்கு 30 கோடி டாலருக்கும் மேல்.

உயிர்க் கணக்கு

போர்களில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்கள் 8,97,000 முதல் 9,29,000 பேர் வரை என்று அதே ஆய்வு சொல்கிறது. இதில்:

பொதுமக்கள்: 3,63,939 முதல் 3,87,072 வரை
எதிர்த்துப் போரிட்டவர்கள்: 2,96,858 முதல் 3,01,933 வரை
அந்தந்த நாட்டு ராணுவத்தினர், போலீசார்: 2,04,645 முதல் 2,07,845 வரை
அமெரிக்க ராணுவத்தினர்: 7,052
அமெரிக்க ஒப்பந்தப் பணியாளர்கள்: 8,189
நிவாரணப் பணியாளர்கள்: 892
பத்திரிகையாளர்கள்: 680

எல்லாப் பிரிவிலும் பெரியது பொதுமக்களின் எண்ணிக்கை. குறைந்தபட்ச மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும், நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் பென்சில்வேனியாவிலும் இறந்த ஒவ்வொருவருக்கும் 122 பொதுமக்கள் வேறு நாடுகளில் இறந்திருக்கிறார்கள். மருத்துவமனை இடிந்ததால், குடிநீர் கெட்டதால், பசியால், நோயால் இறந்தவர்களைச் சேர்த்தால் மொத்தம் 45 லட்சத்தைத் தாண்டுகிறது. வீடிழந்து பெயர்ந்தவர்கள் 3.8 கோடி.

திரும்பி வந்த வீரர்களின் கணக்கும் தீரவில்லை. இந்தப் போர்க்காலத்தில் பணியாற்றிய ராணுவத்தினரிலும் முன்னாள் படைவீரர்களிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,177 பேர் என்று 2021இல் மதிப்பிட்டார்கள். போர்க்களத்தில் இறந்தவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

படைகள் வெளியேறும் முன்பு ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய கடைசி ட்ரோன் தாக்குதல் 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்தது. குண்டு வைக்கப் போகும் வண்டி என்று நம்பி ஒரு காரைத் தாக்கினார்கள். இறந்தவர்கள் 10 பேர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். கார், நிவாரண அமைப்பு ஒன்றில் வேலை செய்தவருடையது. தவறு நேர்ந்ததை பென்டகன் மூன்று வாரங்களுக்குள் ஒப்புக்கொண்டது. யாருக்கும் தண்டனை இல்லை.

வரவில் என்ன இருக்கிறது?

நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் வரவுப் பக்கம் வெறுமையாக இல்லை. ஆப்கானிஸ்தானில் இருந்த அல்-காய்தாவின் பயிற்சி முகாம்கள் அழிந்தன. செப்டம்பர் 11 அளவுக்கு இன்னொரு தாக்குதல் அமெரிக்க மண்ணில் நடக்கவில்லை. ஒசாமா பின்லாடன் 2011 மே 2 அன்று கொல்லப்பட்டார்.

இவற்றில் எது எந்தச் செலவில் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமது 2003 மார்ச்சில் ராவல்பிண்டியில் ஒரு வீட்டில் பிடிபட்டார். பிடித்தது பாகிஸ்தானிய, அமெரிக்க உளவுத் துறைகள். பின்லாடனின் அபோட்டாபாத் வீட்டைக் கண்டுபிடித்தது ஆண்டுக்கணக்கில் நடந்த துப்பறியும் வேலை. உள்ளே நுழைந்தது ஏறக்குறைய இரண்டு டஜன் வீரர்கள். முக்கியமான இந்த இரண்டு வெற்றிகளுக்கும் ஒரு நாட்டைப் பிடித்து ஆளத் தேவை இருக்கவில்லை.

பிடித்து ஆண்ட இடத்தில் நடந்ததை அமெரிக்க அரசின் ஆப்கான் மறுசீரமைப்புத் தணிக்கை அலுவலகமே எழுதி வைத்திருக்கிறது. மறுசீரமைப்புக்கு 14,500 கோடி டாலர் செலவானது. ஆப்கான் படைகளை உருவாக்கச் செலவிட்ட 8,800 கோடிக்கும் அதிகமான தொகை அதில் அடக்கம். குறைந்தது 66,000 ஆப்கான் படையினர் இறந்தார்கள். அபினி ஒழிப்புக்கு 2017 வரை 860 கோடி டாலர் கொட்டினார்கள். 2002இல் சுமார் 74,000 ஹெக்டேராக இருந்த கசகசாச் சாகுபடி 2017இல் 3,28,000 ஹெக்டேராக ஐ.நா. கணக்கில் உயர்ந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலுக்குள் நுழைந்தது.

இராக் போருக்குக் காரணமாகக் காட்டிய பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை. 2003 மே 23 அன்று ஒரே ஆணையில் இராக் ராணுவம் கலைக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் சம்பளமும் மரியாதையும் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். முன்னாள் அதிகாரிகள் சிலர் பிறகு ஐ.எஸ். படையின் தளபதிகள் ஆனார்கள். அதன் தலைவர் அல்-பக்தாதி 2004இல் அமெரிக்கச் சிறைமுகாமில் இருந்து விடுதலையானவர். 2014 ஜூனில் மோசூல் நகரம் அவர்கள் கையில் விழுந்தது.

பயங்கரவாதத்தை ஒழிப்பதே நோக்கம் என்றால், அளவுகோலும் அதுவாகவே இருக்க வேண்டும். உலகப் பயங்கரவாதக் குறியீட்டின்படி பயங்கரவாதத்தால் இறந்தவர்கள் 2000இல் 3,329 பேர். 2014இல் 32,685 பேர். அதாவது ஒன்பது மடங்குக்கு மேல். அந்த 2014இல் இறந்தவர்களில் 78 சதவீதம் ஐந்தே நாடுகளில்: இராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியா. போர் நடந்த நாடுகள் இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் அல்ல. இராக் போர் தீவிரவாதிகளுக்கு ஆள் சேர்த்துத் தருகிறது என்று அமெரிக்க உளவு அமைப்புகளே 2006இல் தங்கள் அரசுக்குச் சொல்லிவிட்டன.

வேர் எங்கே?

வறுமைதான் காரணம் என்பது பாதி உண்மைகூட இல்லை. செப்டம்பர் 11 விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் எண்ணெய் வளம் மிக்க சவூதி அரேபியாவின் குடிமக்கள். தலைமை தாங்கிய முகமது அட்டா ஹாம்பர்க்கில் நகரமைப்புப் படித்தவர். நம் சுதந்திரத்தை வெறுக்கிறார்கள் என்று அதிபர் புஷ் சொன்ன விடையும் தேறவில்லை. அவர்கள் வெறுப்பது அமெரிக்காவின் சுதந்திரத்தை அல்ல, அதன் கொள்கைகளையே என்று பாதுகாப்புத் துறைக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் வாரியம் 2004இல் எழுதிற்று. சவூதியில் அமெரிக்கப் படை, இராக் மீதான தடைகள், பாலஸ்தீனம் என்று பின்லாடன் 1990களிலேயே பட்டியலிட்டிருந்தார். அந்தப் பட்டியல் ஒரு கொலைக்கும் நியாயம் ஆகாது. ஆனால் அவர் பின்னால் ஆட்கள் ஏன் போனார்கள் என்பதற்கு அதில் விடை இருந்தது.

ஆப்பிரிக்காவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அந்த ஆட்களிடமே கேட்டது. தீவிரவாத அமைப்புகளில் தாமாகச் சேர்ந்த 495 பேரிடம் எடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. கடைசித் தள்ளுதல் எது என்ற கேள்விக்கு 71 சதவீதம் பேர் சொன்னது அரசின் செயல்: குடும்பத்தினரோ நண்பரோ கொல்லப்பட்டது, கைதானது. மதத்தைக் காரணம் சொன்னவர்கள் 51 சதவீதம். ஆனால் மத நூல்களைத் தாங்கள் அதிகம் அறிந்ததில்லை என்று 57 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். 2023 ஆய்வில் வேலை தேடிச் சேர்ந்ததாக 25 சதவீதமும், மதத்துக்காக என்று 17 சதவீதமும் சொன்னார்கள்.

பயங்கரவாத அமைப்புகள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்க ராணுவத்துக்காகவே பல ஆய்வுகள் செய்யும் ராண்ட் நிறுவனம், 1968 முதல் 2006 வரை இருந்த 648 அமைப்புகளை ஆராய்ந்தது. உடைந்து பிரிந்தவை நீங்கலாக, முடிவுக்கு வந்த 268 அமைப்புகளில் 43 சதவீதம் அரசியல் தீர்வால் முடிந்தன. 40 சதவீதம் போலீஸ், உளவு வேலையால் முடிந்தன. 10 சதவீதம் தங்கள் நோக்கத்தை அடைந்தன. ராணுவத்தால் முடிந்தவை 7 சதவீதம்.

போலீசும் நீதிமன்றமும் என்ன செய்யும் என்பதை மாட்ரிட் காட்டியது. 2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்புகளில் 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007இல் 28 பேர் விசாரிக்கப்பட்டு 21 பேர் தண்டனை பெற்றார்கள். குவாண்டனாமோவில் 780 பேர் அடைக்கப்பட்டார்கள். 2018இல் மீதியிருந்த 40 பேருக்கு ஆண்டுச் செலவு 54 கோடி டாலர். காலித் ஷேக் முகமது பிடிபட்டு இருபது ஆண்டுகள் கடந்தபோதும் அவர் மீதான வழக்கு விசாரணை தொடங்கியிருக்கவில்லை. கொல்லப்பட்ட 2,977 பேரின் குடும்பங்களுக்கு, சூத்திரதாரி மீது நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்புகூடத் தர முடியாமற்போனது இந்தச் செலவில் சேராத இழப்பு.

முள்ளிவாய்க்காலைக் காட்டினால்?

தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 2009 மே மாதம் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் ராணுவம் விடுதலைப் புலிகளை முழுதாக முடிக்கவில்லையா? முடித்தது, ராணுவ வழிக்கு ஆதாரமாக உலகெங்கும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த வெற்றியின் செலவுப் பக்கத்தில் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் இன்னும் சாலையோரத்தில் போராடுகிறார்கள். போருக்கு வேராக இருந்த அதிகாரப் பகிர்வுக் கேள்விக்கு விடையாக வந்த, 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம்கூட முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. அமைப்பு ஒழிந்தது, கோரிக்கை அப்படியே நிற்கிறது.

கேட்க வேண்டிய கணக்கு

ராணுவமே வேண்டாம் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. குண்டு வைக்கப் போகிறவனைத் தடுக்க ஆயுதம் வேண்டியிருக்கலாம். ஆனால் 7 சதவீத வழிக்கு லட்சம் கோடிகளைக் கொட்டிவிட்டு, 83 சதவீத வழிகளைக் கோழைத்தனம் என்று ஏசுவது பாதுகாப்பும் அல்ல, வீரமும் அல்ல. வெளியுறவுத் துறைக்குப் பணம் தராவிட்டால் நான் இன்னும் அதிகம் தோட்டா வாங்க வேண்டிவரும் என்ற பொருளில் 2013இல் செனட்டில் பேசியவர் ஒரு போர்த் தளபதி, ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ்.

அடுத்த முறை எந்த நாட்டிலாவது போருக்கு வாக்கெடுப்பு வந்தால், கை தூக்கும் முன்பு உறுப்பினர்கள் மூன்று கணக்குகளைக் கேட்டு வாங்க வேண்டும்: வட்டியும் முன்னாள் படைவீரர் செலவும் சேர்ந்த முழுத் தொகை, பொதுமக்கள் இறப்பை யார் எண்ணுவார்கள், எப்போது வெளியிடுவார்கள் என்ற உறுதி, எந்த எண் எவ்வளவு குறைந்தால் போர் முடிந்ததாகக் கொள்வது என்ற வரம்பு. சாலை போடவும் பள்ளி கட்டவும் இவ்வளவு கேட்கிறோம். மக்களைக் கொல்ல அனுமதி தரும்போது இதைவிடக் குறைவாகக் கேட்பதற்கு எந்த மக்களவைக்கும் உரிமை இல்லை.