பெட்டை நாய்க்கு முதல் பருவம்: ரத்தம் நின்ற பிறகுதான் கூடுதல் காவல் தேவை!

தோட்டக் காவலுக்கு நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், ‘கடுவன் குட்டியாக இருந்தால் கொடுங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். மிஞ்சிய பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டு, ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவது இன்றும் நடக்கிறது. காவலில் பெட்டை நாய் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, சாதாரண நாட்டு நாயோ, பட்டியைக் காப்பதில் கடுவனுக்குச் சளைக்காது. ‘பருவத்துக்கு வந்தால் ஊர் நாயெல்லாம் வாசலில் நிற்குமே’ என்பதுதான் தயக்கம். மூன்று, நான்கு வாரம் கவனமாக இருந்தால் இந்தத் தொல்லையைச் சமாளித்துவிடலாம்.

எப்போது வரும்?

பெரும்பாலான பெட்டை நாய்கள் 6 முதல் 12 மாத வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். பெரிய உடல்வாகு உள்ள இனங்களில் ஒன்றரை வயது, சிலவற்றில் இரண்டு வயதுகூட ஆகலாம். அதன்பின் சுமார் 6 முதல் 8 மாதங்களுக்கு ஒருமுறை வரும். மாட்டைப்போல 21 நாளுக்கு ஒருமுறை வருவதில்லை. ஆனால், ஒவ்வொரு முறையும் பருவம் சுமார் 3 வாரம் நீடிக்கும்.

அறிகுறிகள்

முதலில் பிறப்புறுப்பு வீங்கும். பிறகு ரத்தம் சொட்டும். நாய் அந்த இடத்தை அடிக்கடி நக்கும், அங்கங்கே சிறுநீர் விடும். சில நாய்கள் நக்கியே சுத்தம் செய்துகொள்வதால் ரத்தம் நம் கண்ணில் படாது. கடுவன்கள் வேலியோரம் சுற்றுவதைப் பார்த்துத்தான் தெரியவரும். ரத்தம் தெரிந்த முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பலர் ஏமாறும் இடம்

முதல் 7 முதல் 10 நாள்கள் ரத்தம் வரும். அப்போது கடுவனை அருகில் விடாமல் பெட்டையே சீறும். அதன்பின் ரத்தம் குறைந்து, நிறம் வெளுத்து, வைக்கோல் நிறத் திரவமாக மாறும். ‘ரத்தம் நின்றுவிட்டது, இனி அவிழ்த்துவிடலாம்’ என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். சினை பிடிக்கும் நாள்கள் தொடங்குவதும் இந்த நேரத்தில்தான். இடுப்பில் கை வைத்தால் வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றால், அது சேர்க்கைக்குத் தயார் என்று பொருள். ஆகவே, குறித்த நாளிலிருந்து 4 வாரம் முடியும்வரை காவலைத் தளர்த்தக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

வெளியில் கயிற்றில் கட்டிப்போடுவது பாதுகாப்பு ஆகாது. கட்டிக் கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. கடுவன் வேலியைத் தாண்டி வந்துவிடும். கதவுள்ள மோட்டார் அறை, தீவன அறை போன்ற காற்றோட்டமான இடத்தில் அடையுங்கள். பூச்சிமருந்து, உரம், எலிமருந்து இருக்கும் அறை வேண்டாம். அறையில் தண்ணீரும், படுக்கப் பழைய சாக்கும் இருக்கட்டும். சாக்கைத் தினமும் மாற்றிவிடுங்கள்.

காலை, மாலை கயிறு பிடித்துப் பெரியவர்கள் வெளியே கூட்டிச் செல்லலாம். சிறுவர்களிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். உடலில் ஒட்டிய ரத்தத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். வாடை போகட்டும் என்று பினாயில், மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்துவிடும்.

வெறிநோய் ஆபத்து

பருவத்துக்கு வந்த பெட்டையைச் சுற்றிக் கடுவன்கள் கூடினால் கடித்துக்கொள்ளும். விரட்டப் போகிற மனிதரும் கடிபடுவார். அந்தக் கூட்டத்தில் வெறிநோய் பிடித்த ஒரு நாய் இருந்தாலும் போதும். எனவே, 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்று தவறாமல் போட வேண்டும். மனிதரை நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைக்க வைப்பது அரிது.

தெருநாய்களோடு சேர்வதால் பிறப்புறுப்பில் பரவும் கட்டி நோயும் உண்டு. பருவம் முடிந்த பிறகும் ரத்தம் சொட்டினால் இதைச் சந்தேகிக்கலாம். சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

கேள்விகளும் பதில்களும்

முதல் பருவத்திலேயே சேர்க்கலாமா?

வேண்டாம். நாய் அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். குட்டி தேவை என்றால் ஒன்றரை, இரண்டு வயதுக்குப் பிறகு சேர்க்கலாம். சினைக்காலம் சுமார் 63 நாள்.

தெரியாமல் சேர்ந்துவிட்டால்?

பின்னிக்கொண்டு நிற்கும்போது அடிக்கவோ, இழுக்கவோ கூடாது. இரண்டுக்கும் காயம் ஏற்படும். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே விலகும். குட்டி வேண்டாம் என்றால் ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசியை மற்றவர்கள் கையால் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கருப்பையில் சீழ் பிடிக்க வழி செய்யலாம்.

ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் நாய்க்கு நல்லது என்கிறார்களே?

அதற்கு ஆதாரமில்லை. குட்டி தேவையில்லை என்றால் கருத்தடை அறுவை செய்துவிடுவதே நல்லது. கருப்பைச் சீழ் நோய்க்கு இடமிருக்காது. இளவயதில் செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் குறையும். பருவத்தில் இருக்கும்போது ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், முடிந்து 2, 3 மாதம் கழித்துச் செய்வது வழக்கம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம்.

பருவம் முடிந்து இரண்டு மாதத்தில் பால் சுரக்கிறதே?

சேராத நாய்க்கும் பொய்ச்சினை வரும். மண்ணைத் தோண்டிப் படுக்கை போடும், மடி பெருக்கும். மடியைப் பீய்ச்சாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஆனால், பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் நாய் தீனி எடுக்காமல், தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடித்து, வாந்தி எடுத்தாலோ, நாற்றத்துடன் சீழ் வடிந்தாலோ, அது கருப்பைச் சீழாக இருக்கலாம். சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் வீங்குவதும் உண்டு. அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.