கல்லா மேசைக்குப் பழைய தேக்கு

பழைய மரத்தில் கடைக்கு மேசை செய்யலாமா என்று வியாபார அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு, கதவு, இரும்புச் சாமான் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன.

வாங்குமுன் ஓரத்தில் சிறிது இழைத்துப் பாருங்கள். சாயம் பூசிய வேறு மரத்தைத் தேக்கென்று தள்ளிவிடுவோர் உண்டு. துளையிலிருந்து புதுத்தூள் கொட்டினால் வேண்டவே வேண்டாம். அறுக்குமுன் காந்தம் வைத்து ஆணிகளைத் தேடிப் பிடுங்க வேண்டும்.

குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் காற்றே ஈரம். பலகை அகலவாக்கில் உப்பும். பங்குனி வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. ஆகவே இரும்புச் சட்டத்தில் திருகாணித் துளையை அகலவாக்கில் நீட்டிப் போடச் சொல்லுங்கள். இறுக்கிப் பூட்டிய பலகை இரண்டே சீசனில் வெடித்ததைக் கண்டிருக்கிறோம்.

பழைய தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால் பார்வைக்கு அழகு. பாரம் தாங்கும், அடி தாங்காது. சாதாரண முறையில் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே கீறல் விடும், போல்ட்டே நல்லது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், கடைக்குள் வைத்துச் சுரண்டாதீர்கள். கல்லாவுக்கு அந்தக் கால் போதும். எண்ணெய் டின் அடுக்க ஆகாது. உப்பு மூட்டையையும் அதன் அருகே வைக்க வேண்டாம்.